தொழப் போனவரைச் சுடுவதில்லை

கப்ருக் குழியின் தலைமாட்டில் கடைசிப் பிடி மண்ணைப் போட்டுவிட்டு ஹாஜி ஃபவ்வாஸ் நிமிர்ந்தார். கையில் ஒட்டிய ஈரமண்ணைத் தட்டிவிடாமலேயே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் தம்பி வஸ்ஃபி யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, யார் பொருளையாவது எடுத்து வச்சிருந்தா, என்கிட்ட வாங்க. இனி அது என் பொறுப்பு. அவன் மேல எந்தப் பாத்தியதையும் இல்லாம போகட்டும்."

எல்லா ஜனாஸா அடக்கத்திலும் சொல்கிற வார்த்தைதான். சொன்னதும் எல்லோரும் "அல்லாஹ் அவரை மன்னிக்கட்டும்" என்று முனகிக்கொண்டு கலைவார்கள். அன்றும் அப்படித்தான் கலைந்தார்கள். ஆனால் பின்வரிசையில், ஒரு ஒலிவ மரத்தின் கீழ், நடுவயதுக்காரர்கள் சிலர் மட்டும் நகராமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதை ஹாஜி கவனித்தார். அவர்களில் உயரமான ஒருவனை மற்றவன் விலாவில் இடித்தான். உயரமானவன் தலையை ஆட்டினான்: இங்கே வேண்டாம்.

ஏதோ இருக்கிறது என்று ஹாஜிக்குப் பட்டது. வழக்குத் தீர்த்துத் தீர்த்துப் பழகிய கண் அது. இர்பிதைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தகராறு, விபத்துச் சாவு, பெண் வீட்டுக் கோபம், எதுவானாலும் ஆள் அனுப்பி அவரைத்தான் கூட்டிப்போவார்கள். இப்போது வழக்கு அவர் வீட்டுக்கே வரப்போகிறது.

வஸ்ஃபி அவரைவிடப் பதினைந்து வயது இளையவன். பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டினான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் சந்தித்தால் மழையைப் பற்றியும் ஒலிவக் காய்ப்பைப் பற்றியும் பேசுவார்கள். வியாழக்கிழமை மாலைகளில் அவன் எங்கே போகிறான் என்று ஹாஜி கேட்டதில்லை. "நண்பர்களோட" என்று அவன் மனைவி இத்தாஃப் சொல்லுவாள். நல்ல நண்பர்கள் என்றால் சரி என்று இவரும் விட்டுவிடுவார். அப்படி ஒரு வியாழக்கிழமைதான் பள்ளிவாசலில் தொழுகையின் நடுவே அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மருத்துவமனையில் சில நாள் கண்ணைத் திறக்காமலே கிடந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தான்.

துக்கம் விசாரிக்கும் மூன்றாம் நாள், மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு, அந்த ஆட்கள் குடும்ப மண்டபத்துக்கு வந்தார்கள்.

"அல்லாஹ் உங்க நற்கூலியைப் பெரிசாக்கட்டும்" என்றான் உயரமானவன்.

"நீங்க வந்த நடையை அல்லாஹ் ஏத்துக்கட்டும். உட்காருங்க."

காப்பி ஊற்றுகிற பையன் சர்க்கரையில்லாத காப்பியை ஒரு வாய் அளவு ஊற்றி நீட்டினான். உயரமானவன் கோப்பையை வாங்கினான். குடிக்கவில்லை. தனக்கு முன்னால் தரையில் வைத்தான். அவனோடு வந்தவர்களும் அப்படியே வைத்தார்கள். தரைவிரிப்பின்மேல் வரிசையாகக் கோப்பைகள்.

மண்டபத்தில் எல்லோரும் அந்தக் கோப்பைகளைப் பார்த்தார்கள். கோரிக்கையோடு வந்தவன்தான் கோப்பையைக் கீழே வைப்பான். கேட்டது கிடைக்கும்வரை உதட்டில் வைக்க மாட்டான். பெண் கேட்டு வருகிறவர்கள் அப்படிச் செய்வார்கள். ரத்தப் பழிக்குச் சமாதானம் பேச வருகிறவர்கள் செய்வார்கள். துக்க வீட்டில் யாரும் செய்து அங்கிருந்தவர்கள் பார்த்ததில்லை.

ஹாஜிக்கு ஒரு பெயர் உண்டு. வந்தவன் என்ன கேட்கிறான் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே கொடுத்துவிடுகிறவர் என்று. தம்பியின் துக்கத்தில் அந்தப் பெயரைக் குறைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

"காப்பியைக் குடிங்க" என்றார். "எதுக்காக வந்தீங்களோ அது உங்களுக்கு."

"முதல்ல என்னன்னு கேட்டுக்கங்க ஹாஜி."

"என் வாக்கு ரெண்டு தடவை பேசாது. குடிங்க."

குடித்தார்கள். ஒருவனுக்குப் புரையேறியது. பக்கத்திலிருந்தவன் அவன் தலையில் தட்டினான்.

"இப்ப சொல்லுங்க. நீங்க யாரு?"

"என் பேரு ஜிர்யெஸ். ஹுஸ்ன் ஊர். அங்க மருந்துக்கடை வச்சிருக்கேன். இவர் நிம்ர், பல் வைத்தியர்." பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஹாஜி, இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. உங்க தம்பிகிட்ட எங்க கொடி இருக்கு."

"கொடியா?"

"ஆமா. எங்க ஹுஸ்ன்லேர்ந்து எடுத்துட்டுப் போனவர், திரும்பி வரலை."

ஹாஜியின் முதுகு நேரானது. கொடி என்பது சாதாரணப் பேச்சு இல்லை. ஒருவன் மானம் காத்தால் அவன் பெயரில் வெள்ளைக் கொடி ஏற்றுவார்கள். அதை எடுத்துக்கொண்டு போவது ஒரு குலத்தையே அவமதிப்பது. அதுவும் ஹுஸ்ன் ஊர்க்காரர்களுடைய கொடி. அந்த ஊரோடு மூன்று தலைமுறையாக உப்பும் ரொட்டியும் பகிர்ந்த குடும்பம் இது.

"அங்க காவலுக்கு யாரும் இல்லையா?"

"நான்தான் நின்னேன். என்னைச் சுட்டுட்டு எடுத்துட்டுப் போனார்."

மூலையில் ஒரு கிழவரின் கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலை நழுவி விழுந்தது.

"சுட்டானா? வஸ்ஃபியா?"

"மண்டையில."

"உன்னை மட்டுமா?"

"நிம்ரையும். வாசல்ல நின்ன இன்னொருத்தனையும்." ஜிர்யெஸ் குரலில் ஒரு பாராட்டு எட்டிப்பார்த்தது. "உண்மையைச் சொல்லணும் ஹாஜி, அருமையாச் சுட்டார்."

ஹாஜி அவனுடைய மண்டையைப் பார்த்தார். வழுக்கை, ஒரு கீறல்கூட இல்லை. நல்ல மனிதன் ஒருவனுக்குப் புத்தி பேதலித்திருக்கிறதே என்று அவருக்கு இரக்கமாக இருந்தது. மெதுவாகக் கேட்டார். "அப்புறம் என்ன ஆச்சு மகனே?"

"மூணு பேரும் செத்துட்டோம். கொஞ்ச நேரத்துல எழுந்துட்டோம்."

"ஹாஜி, ஹாஜி" என்று வரிசையின் கடைசியில் இருந்தவன் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். முர்ஷித் என்று பெயர். பல்கலைக்கழகத் தெருவில் இன்டர்நெட் கடை வைத்திருப்பவன். "இவனைப் பேச விட்டது என் தப்பு. இது கம்ப்யூட்டர் ஆட்டம் ஹாஜி. துப்பாக்கியெல்லாம் திரையில. ஹுஸ்ன்னா இவன் ஊர் இல்லை. ஆட்டத்துல ஆளுக்கொரு கோட்டை இருக்கும். கோட்டையைத்தானே ஹுஸ்ன்னு சொல்றோம்."

தஸ்பீஹைத் தேடிக் குனிந்திருந்த கிழவர் குனிந்த நிலையிலேயே குலுங்கத் தொடங்கினார். அழுகிறாரோ என்று பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்டார். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்துட்டு எழுந்துட்டானாம்" என்றார். அவ்வளவுதான். சிரிப்பு வரிசையில் நெருப்பு மாதிரி பரவியது. துக்க வீடு என்று வாயைப் பொத்தியவர்களுக்குத்தான் அதிகமாக வந்தது. காப்பிப் பையன் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினான். ஹாஜி முகத்தை இறுக்கிக்கொண்டு தலைத்துணியின் நுனியால் மீசையை மறைத்தார். துணி ஆடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

பெண்கள் இருந்த பக்கத்துக் கதவு கொஞ்சம் திறந்து, என்ன சத்தம் என்று பார்த்து, மூடியது.

"சரி" என்றார் ஹாஜி குரல் சரியானதும். "விளையாட்டுக் கொடிக்கா துக்க வீட்டுல கோப்பையைக் கீழே வச்சீங்க?"

ஜிர்யெஸ் இப்போது சிரிக்கவில்லை.

"நாங்க பல்கலைக்கழகத்துல படிக்கும்போது அவர் பஸ்லதான் போவோம் ஹாஜி. சாயங்காலம் வண்டியை விட்டுட்டு எங்களோட வந்து உட்கார்ந்துடுவார். முதல்ல வந்த ஆட்டத்துல ஒவ்வொருத்தனும் மத்த எல்லாரையும் சுடணும். கூட்டாளின்னே கிடையாது. தினமும் சண்டை. ஒரு நாள் மூக்கு உடைஞ்சு ரத்தம் வந்துச்சு, திரையில இல்லை, நிஜமாவே. அப்புறம் அதே ஆட்டத்துக்குக் கூட்டாச் சேர்ந்து ஆடறதுக்குன்னு ஒரு தனி வட்டு வந்துச்சு. வஸ்ஃபிதான் தலைநகர் அம்மான் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தார். பஸ்ல வலது பக்கம் உட்கார்றவங்க நீலம், இடது பக்கம் உட்கார்றவங்க சிவப்புன்னு அவர்தான் பிரிச்சார். இன்னைக்கு வரைக்கும் அதே பிரிவுதான். நாங்க சிவப்பு. முர்ஷித் நீலம். வஸ்ஃபி நீலத்துக்குத் தலைவர்."

"கொடியை எடுத்து முதுகுல மாட்டிக்கிட்டார்னா 'பஸ் கிளம்புது, ஏறிக்கங்க'ன்னு கத்துவார்" என்றான் முர்ஷித்.

"அந்த வியாழக்கிழமையும் கத்தினார்" என்றான் ஜிர்யெஸ். "இது கடைசிக் கொடி. இதைக் கொண்டு போய்ச் சேர்த்துட்டா ஜெயிச்சுடுவாங்க. பாலத்து நடுவுல வந்துட்டார். நான் பின்னாலயே வந்து துப்பாக்கியைத் தூக்கிட்டேன். சாயங்கால மஃரிப் பாங்கு சொல்லிட்டாங்க. அப்படியே நிறுத்தினார். 'ஜிர்யெஸ், தொழுதுட்டு வந்துடறேன், சுட்டுடாதே'ன்னார். அது எங்க வழக்கம் ஹாஜி. தொழப் போனவரைச் சுடறதில்லை. ஈஸ்டருக்கு முன்னால வர்ற எங்க பெரிய நோன்புல நான் பசியில தடுமாறினா அவரும் என்னைச் சுட மாட்டார்." அவன் காலிக் கோப்பையை விரலால் திருப்பினான். "இன்னும் அங்கயேதான் நிக்கறார். பாலத்து நடுவுல. எங்க கொடியோட. நாங்க சுட்டா ஒரு நொடியில கொடி எங்களுக்கு வந்துடும். யார் சுடறது?"

"மெஷினை அணைச்சா எல்லாம் போயிடும்" என்றான் முர்ஷித். "அதுக்கும் எனக்குக் கை வரலை. கரண்ட் போனா பேட்டரியில ஓடுது."

"நீங்க கப்ருகிட்ட சொன்னீங்க இல்ல" என்றான் ஜிர்யெஸ், "யார் பொருளையாவது எடுத்து வச்சிருந்தா வாங்கன்னு. உங்க வீட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து இதை முடிச்சு வைக்கணும். அவ்வளவுதான் கேக்க வந்தோம்."

ஹாஜி எழுந்து பெண்கள் பக்கத்துக் கதவருகே போய் நின்று, "இத்தாஃப்" என்று கூப்பிட்டார். கணவன் இறந்தபின் பெண் அனுசரிக்கும் இத்தாவில் இருக்கிறவள், வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"எல்லாம் கேட்டுச்சு மச்சான்."

"என்னம்மா சொல்றே? இது பெரிய விஷயம் இல்லைன்னு அவங்களை அனுப்பிடலாம். ஆனா வாக்குக் கொடுத்துட்டேன்."

"அவர் யாருக்கும் எந்தக் கடனும் வச்சிட்டுப் போகக் கூடாது. அத்தோட, பாலத்துல தனியா நிக்கறார்னு சொல்றாங்களே."

ஹாஜி கதவின் மரத்தை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்பினார்.

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அவரைப் பல்கலைக்கழகத் தெருவுக்குக் கூட்டிப்போனார்கள். கடைக்குள் அழுக்கு மெத்தைச் சுழல் நாற்காலிகள், ஏலக்காய் வாசனை, மின்விசிறிகளின் இரைச்சல். ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் மட்டும் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தூசி படாமல் திரையின்மேல் யாரோ ஒரு பெண்ணின் பூப்போட்ட தலைத்துணி கிடந்தது. முர்ஷித் துணியை எடுத்தான்.

கல் பாலம். இருபுறமும் கிடுகிடு பள்ளம். நடுவில் ஒரு துப்பாக்கி முனை.

"தம்பி எங்க?"

"நீங்க பாக்கறது அவர் கண்ணு வழியா ஹாஜி. அவரைப் பாக்கணும்னா இங்க வாங்க."

ஜிர்யெஸின் திரையில் நீலக் கவசம் போட்ட ஒரு பேருருவம் நின்றது. முதுகில் சிவப்புக் கொடி. தலைக்குமேல் "பஸ்" என்று எழுத்து. கவசம் மூச்சு விடுவதுபோல் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு பெரிய தோளா அவனுக்கு?" என்றார் ஹாஜி.

"அவரே தேர்ந்தெடுத்தது."

"சட்டைக்கு அளவெடுக்கப் போனா தையல்காரன் இவனைப் பிள்ளைங்க வரிசைக்கு அனுப்புவான்." அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி, தம்பியின் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். "சொல்லுங்க. எந்தப் பக்கம் போனா இவங்க கோட்டை?"

"இவங்க கோட்டை பின்னால இருக்கு. நாம போக வேண்டியது முன்னால, நம்ம கோட்டைக்கு" என்றான் முர்ஷித்.

"நான் எதுக்கு முன்னால போகணும்? அடுத்தவன் பொருள். யார்கிட்ட எடுத்தானோ அவங்ககிட்டயே திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன்."

நீலக் கட்சிக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். பாலத்தைத் தாண்டினால் வெற்றி.

"கையில கொடுக்க முடியாது ஹாஜி. ஆட்டத்துல அப்படி ஒண்ணு கிடையாது. ஒண்ணு அவங்க சுடணும். இல்லேன்னா நாம கொண்டு போய் நம்ம மேடையில வைக்கணும். வச்ச உடனே அது தானா அவங்க இடத்துக்குத் திரும்பிடும்."

"ஜெயிச்சாத்தான் திருப்பிக் கொடுக்க முடியுமா? எந்த ஊர் நியாயம் இது?"

"இந்த ஊர் நியாயம்தான்" என்று திரையைக் காட்டினான் முர்ஷித்.

ஹாஜி ஜிர்யெஸைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. இத்தனை வருடம் வழக்குத் தீர்த்தவர், எதிராளியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்காமல் அடியெடுத்து வைக்க மாட்டார்.

"ஹலால் ஹாஜி" என்றான் ஜிர்யெஸ். "மனசார விட்டுக் கொடுத்துட்டோம். அவர் கஷ்டப்பட்டு எடுத்தது. கொண்டு போங்க."

"மத்தவங்க?"

"ஹலால்" என்றான் நிம்ர். "என்னைச் சுட்டதையும் சேர்த்து."

ஹாஜி கைக்கு எட்டியதைப் பிடித்து அசைத்தார். பாலம் சட்டென்று கீழே போய், வானம் வந்தது.

"மேல பாக்கறீங்க ஹாஜி. எலியைக் கீழே இழுங்க."

"எந்த எலி?"

கீழே இழுத்தார். இப்போது தன் காலைப் பார்த்தார். பின்னால் நடந்தார். பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் அறை முழுவதும் "நில்லுங்க, நில்லுங்க" என்று அலறியது. அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார், காவல்காரன் முன்னால் நிற்பதுபோல. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மரியாதைக்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தான் நிம்ர்.

"சிரிக்காதீங்கடா. மரத்துல ஏத்தி வச்ச ஆடு மாதிரி இருக்கு எனக்கு."

"இருங்க ஹாஜி" என்றான் ஜிர்யெஸ். அவன் தன் இடத்தில் உட்கார்ந்தான். பாலத்தில் ஒரு சிவப்புக் கவசக்காரன் நடந்து வந்து ஹாஜிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றான். "என் முதுகைப் பார்த்துக்கிட்டே வாங்க. வேற எதையும் பாக்காதீங்க."

மற்ற சிவப்புக்காரர்களும் வந்தார்கள். விளிம்பில் விழுந்துவிடாமல் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக நின்றுகொண்டார்கள். வழியெல்லாம் வானத்தை நோக்கிச் சுட்டார்கள், அந்த ஊர் மாப்பிள்ளை ஊர்வலத்தில் சுடுவதுபோல. நடுவில் நீலக் கவசக்காரன் இடித்து, உரசி, நின்று, மறுபடி நடந்தான்.

நீலக் கோட்டை வாசலில் ஒரு திண்டு. தாண்ட வேண்டும். ஹாஜி நீளப் பொத்தானை அமுக்கினார். அமுக்கும்போது நாற்காலியிலிருந்து தாமும் ஒரு சாண் எழுந்தார். உருவம் குதித்தது, சுவரில் முட்டி அங்கேயே இறங்கியது. மீண்டும். மீண்டும்.

"வயசாச்சு" என்றார் மூச்சு வாங்க.

ஜிர்யெஸின் சிவப்புக்காரன் திண்டின் அடியில் போய்க் குனிந்து உட்கார்ந்தான். "என் தலையில காலை வச்சு ஏறுங்க."

"சீ, தலையிலயா?"

"இருபது வருஷமா அங்கதானே சுட்டார். கால் வைக்கறதுக்கு என்ன."

ஹாஜி ஏறினார். "என்னை மன்னிச்சிடுப்பா" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்து உண்மையாகவே சொன்னார். "மன்னிச்சேன் ஹாஜி" என்றான் ஜிர்யெஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேடை தெரிந்தது. மெல்லப் போனார். தொட்டதும் ஒரு முழக்கம் கேட்டது. அறையில் நீலமும் சிவப்பும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். தோற்றவர்கள்தான் அதிகமாகக் குதித்தார்கள். யாரோ ஹாஜியின் தலையில் முத்தமிட்டார்கள்.

"கொடி எங்க?" என்றார் அவர்.

ஜிர்யெஸ் தன் ஆளைத் திருப்பி ஓட்டிப்போய்க் காட்டினான். அந்தக் கடைசியில், சிவப்புக் கோட்டைக்குள், அதனுடைய இடத்தில், கொடி நின்றிருந்தது.

"சேர்ந்துடுச்சு ஹாஜி. இனி எங்களுக்கு அவர் மேல ஒண்ணும் இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ்."

முர்ஷித் தேநீர் போடப் போனான். மற்றவர்கள் அந்தக் குதித்த கதையைத் திரும்பத் திரும்ப ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள். வெளியே தெருவில் மாணவர்கள் கூட்டம். ஹாஜி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஜிர்யெஸ். உன் திரையில அவனைக் காட்டு."

ஜிர்யெஸ் காட்டினான். மேடையருகே நீலக் கவசக்காரன் நின்றிருந்தான். முதுகில் இப்போது ஒன்றும் இல்லை.

"இவனை உட்கார வைக்க முடியுமா?"

"அந்தப் பொத்தான் ஹாஜி. இடது கைப் பக்கம், கீழ ஓரத்துல."

ஹாஜி சுண்டுவிரலால் அமுக்கினார். பக்கத்துத் திரையில் அந்தப் பெரிய உருவம் முழங்காலை மடித்துக் கீழே தணிந்தது.

விரலை எடுத்தால் மறுபடி எழுந்து நின்றுவிடும். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. தேநீர் வந்தது. அவர் வலது கையால் கண்ணாடிக் குவளையை வாங்கிக்கொண்டார். இடது கைச் சுண்டுவிரல் அங்கேயே இருந்தது.